மெனு மட்டும்தான் பேசும்: நெல்லையில் கேம் வாங்கப்போகும் மாற்றுத்திறனாளி நண்பர்கள் கவனத்துக்கு

"பார்வையற்றோரும் கை அசைவு குறைந்தோரும் முழுமையாக ஆடலாம்" என்று சொல்லி, டர்ன் பேஸ்டு, அதாவது மாறி மாறி முறை வைத்து ஆடும் கம்ப்யூட்டர் போர் விளையாட்டு ஒன்றையும் பெரிய பட்டன் வைத்த கன்ட்ரோலர் ஒன்றையும் சேர்த்து 7,800 ரூபாய்க்கு இங்கே ஒரு கடை விற்கிறது. நெல்லை மாற்றுத்திறனாளிகள் வாட்ஸ்அப் குழுக்களில் அந்த விளம்பரம் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது. வாங்காதீர்கள். நானும் என் நண்பனும் ஆளுக்கு ஒரு செட் வாங்கி ஏமாந்திருக்கிறோம். புகார் நடப்பதால் கடை பெயரையும் கேம் பெயரையும் போடவில்லை. ஆனால் இதே சரக்கை வேறு யார் விற்க வந்தாலும் எந்த இடத்தில் பிடிக்க வேண்டும் என்று சொல்லிவிடுகிறேன்.

எனக்குப் பிறவியிலேயே பார்வை கிடையாது. பாளையங்கோட்டையில் பார்வையற்றோர் பள்ளி விடுதியில் வளர்ந்தவன். அங்கே சாயங்காலம் ஆனால் செஸ்தான். எங்கள் செஸ் பலகையில் கட்டத்துக்கு ஒரு துளை இருக்கும், கறுப்புக் கட்டம் கொஞ்சம் மேடாக இருக்கும், காய்கள் துளையில் செருகி நிற்கும். எதிரில் இருப்பவர் தன் நகர்த்தலை வாய்விட்டுச் சொல்லியாக வேண்டும். போட்டிகளில் இது விதியாகவே இருக்கிறது. அவர் சொல்வதைக் கேட்டு, தடவிப் பார்த்து, ஆற அமர யோசித்து நம் காயை வைக்கலாம்.

டர்ன் பேஸ்டு கேமும் இதே வகைதான். ஒருவர் முறை முடிந்த பிறகு அடுத்தவர் முறை. ஓடி ஓடிச் சுடுகிற வேலை இல்லை, விரல் வேகம் வேண்டாம். நியாயமாகப் பார்த்தால் எங்களைப் போன்றவர்களுக்கு எல்லா கேமையும்விட இதுதான் சுலபமாக அமைய வேண்டும். அதனால்தான் விற்கிறவர்களுக்கும் இது வசதி. 'டர்ன் பேஸ்டு' என்று எழுதியிருந்தாலே 'எல்லாரும் ஆடலாம்' என்று பக்கத்தில் ஒரு வரி சேர்த்துவிடுகிறார்கள். யாரும் சரிபார்ப்பதில்லை.

கடையில் டெமோ காட்டினார்கள். ஹெட்போனை மாட்டியதும் மெனு ஒவ்வொன்றாகப் பேசியது: புதிய ஆட்டம், சேமித்த ஆட்டம், செட்டிங்ஸ். பயிற்சிக் கட்டத்தைத் திறந்தால் அதுவும் பேசியது. "வீரனை இரண்டு கட்டம் வடக்கே நகர்த்து, இப்போது தாக்கு" என்று இங்கிலீஷில் கணீரென்ற குரல். பணத்தை ஜிபேயில் போட்டேன்.

வீட்டுக்கு வந்து முதல் உண்மையான போரைத் திறந்ததும் குரல் நின்றுபோனது. பயிற்சியில் கேட்டது ஒரு நடிகரை வைத்து முன்னாலேயே பதிவு செய்த பேச்சு. திரையில் இருப்பதைப் படித்துச் சொல்லும் ஸ்கிரீன் ரீடருக்கும் (திரைவாசிப்பான்) அதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. போர்க்களத்தில் கீபோர்டின் அம்புக்குறி விசையை அழுத்தினால் 'டிக்' என்கிறது. எந்தக் கட்டத்தில் நிற்கிறேன், பக்கத்தில் மலையா ஆறா, அங்கே நம் ஆளா எதிரியா, ஒன்றும் தெரியாது. எதிரி முறை வந்தால் நாலு வெடிச்சத்தம், ஒரு அலறல், பிறகு மணியடித்து நம் முறை. செத்தது யார்? எங்கிருந்து அடித்தார்கள்? செஸ்ஸில் ஒருத்தன் வாயைத் திறக்காமல் காயை நகர்த்திவிட்டு "ம், ஆடு" என்றால் எப்படியிருக்கும், அப்படித்தான் இருந்தது.

நான் பயன்படுத்துவது என்விடிஏ. ஆஸ்திரேலியாவில் பார்வையற்றவர்களே தொடங்கி, 2006 முதல் இலவசமாகத் தருகிற திரைவாசிப்பான். அதில் திரையைப் படமாக எடுத்து எழுத்தை அடையாளம் காட்டும் வசதியும் உண்டு, என்விடிஏ விசையோடு ஆர் அழுத்த வேண்டும். அதையும் போட்டுப் பார்த்தேன். "12, 20, 3, 3" என்று எண்களைக் கொட்டியது. யாருடைய உயிர், யாருடைய அம்பு என்று எப்படிக் கண்டுபிடிப்பது? இதில் என்விடிஏ மேல் குறை கிடையாது. வேர்டிலோ பிரவுசரிலோ எழுத்து எழுத்தாகவே இருக்கிறது, திரைவாசிப்பான் எடுத்துக்கொள்ளும். கேம்கள் பெரும்பாலும் எழுத்தையும் படமாகவே வரைந்துவிடுகின்றன. கேம் செய்தவர் வேலை மெனக்கெட்டு வார்த்தைகளைத் திரைவாசிப்பானுக்கு அனுப்பினால்தான் அது பேசும். இவர்கள் மெனுவுக்கு மட்டும் அந்த வேலையைச் செய்துவிட்டு நிறுத்தியிருக்கிறார்கள்.

மேலப்பாளையத்து நண்பன் கதை வேறு. அவனுக்குத் தசைச்சிதைவு. வலது கையில் இரண்டு விரல் ஓடும். இடது பக்கம் ஒரு ஸ்விட்சை முழங்கையால் அழுத்துவான். அந்த ஸ்விட்சைச் செருகத்தான் அவனுக்குக் கன்ட்ரோலர் வேண்டும். மைக்ரோசாஃப்ட் 2018இல் கொண்டுவந்த எக்ஸ்பாக்ஸ் அடாப்டிவ் கன்ட்ரோலரில் பெரிய வட்ட பட்டன் இரண்டும், பின்பக்கம் வரிசையாக 19 துளைகளும் உண்டு. ஹெட்போன் செருகுகிற அதே 3.5 மி.மீ. துளைதான். அவரவர் உடம்புக்கு ஏற்ற ஸ்விட்சை அதில் மாட்டிக்கொள்ளலாம். கடைக்காரர் 'அடாப்டிவ் கன்ட்ரோலர்' என்று கொடுத்தது ஆறு கலர் பட்டன் பதித்த ஒரு பெட்டி, ஒரு யுஎஸ்பி வயர். துளை என்று ஒன்றுகூடக் கிடையாது.

சரி, பட்டனை வைத்தாவது ஆடலாம் என்று உட்கார்ந்திருக்கிறான். ஆட்டம் கொஞ்சம் முன்னேறியதும் ஒவ்வொரு முறைக்கும் அறுபது வினாடி கடிகாரம் ஓட ஆரம்பித்திருக்கிறது. செட்டிங்ஸில் அதை நிறுத்த வழி இல்லை. படையைத் தேர்ந்தெடுக்க ஒரு விசையை அழுத்திப் பிடித்துக்கொண்டே மௌஸை இழுக்க வேண்டும். ஒருமுறை தட்டினால் போதும் என்று மாற்றிக்கொள்ளவும் முடியாது. "எல, யோசிக்கத்தான இந்த கேமு? யோசிக்கதுக்குள்ள முடிஞ்சிருதுல்லா" என்றான். இத்தனைக்கும் அவன் கண் நன்றாகத் தெரிகிறவன். நிறக்குருடு உள்ள ஒருவர் வாங்கியிருந்தால் இன்னொரு கூத்து: நம் படை பச்சை, எதிரிப் படை சிவப்பு, உருவத்தில் வித்தியாசமே இல்லையாம்.

திருப்பிக் கொடுக்கப் போனோம். "கீ ஆக்டிவேட் பண்ணியாச்சுல்லா தம்பி, இனி ஒண்ணும் பண்ண முடியாது" என்றார் கடைக்காரர். கேமைத் திறக்கிற குறியீட்டைத்தான் கீ என்கிறார். விளம்பரத்தில் முழுமையாக ஆடலாம் என்று போட்டிருக்கிறீர்களே அண்ணாச்சி என்றேன். "வீட்ல யாரையாவது பக்கத்துல உக்கார வச்சு ஆடுங்க. கண்ணு தெரியாதவங்களுக்கு இவ்வளவு வந்ததே பெரிய விஷயம்லா?" பணம் போனதைவிட அந்தப் பேச்சுதான் எரிச்சல். பக்கத்தில் ஆள் வைத்து ஆடுவதற்கு 7,800 ரூபாய் எதற்கு, ஆடுபுலி ஆட்டமே போதும். கேம் கம்பெனிக்கு மெயில் போட்டதற்கு, அடுத்த அப்டேட்டில் பரிசீலிப்போம் என்று பதில். எப்போது என்று கேட்டதற்கு இதுவரை பதில் இல்லை.

இனி வாங்கப்போகிறவர்கள் கடையில் பயிற்சிக் கட்டத்தோடு எழுந்துவிடாதீர்கள். அதற்கு அடுத்த கட்டத்தைத் திறக்கச் சொல்லுங்கள். மானிட்டரை அணைக்கச் சொல்லி, எதிரி முறை முடிந்ததும் "இப்ப என்ன நடந்தது, யார் எங்க இருக்கா?" என்று கடைக்காரரையே கேளுங்கள். அவரால் சொல்ல முடியாவிட்டால் நம்மாலும் ஆட முடியாது. கை சம்பந்தப்பட்டவர்கள் முதலில் கேட்க வேண்டியது, கடிகாரத்தை நிறுத்தலாமா என்பதும் எல்லா விசையையும் மாற்றிக்கொள்ளலாமா என்பதும்.

ஸ்டீம் என்ற இணையக் கேம் கடையில் வாங்குவதானால் ஒரு வசதி இருக்கிறது. 2025 முதல் மாற்றுத்திறனாளிகளுக்கான அணுகல் வசதிகளைக் கேம் பக்கத்திலேயே தனித்தனியாகப் போடுகிறார்கள். நேரக் கட்டுப்பாடு இல்லாமல் ஆடலாமா, கீபோர்டு மட்டும் போதுமா என்றெல்லாம் தெரிந்துகொள்ளலாம். ஆனால் மெனு பேசும் என்ற குறிப்பு மெனுவுக்கு மட்டும்தான் பொருந்தும், போர்க்களத்துக்கு இல்லை. அதோடு, இந்த விவரங்களைத் தருவது கேம் தயாரித்தவர்களேதான். ஸ்டீமில் வாங்கி 14 நாளுக்குள், ஆடியது 2 மணி நேரத்துக்குக் குறைவாக இருந்தால் பணம் திரும்பக் கிடைக்கும். எனவே பயிற்சிக் கட்டத்திலேயே அந்த 2 மணி நேரத்தைத் தீர்த்துவிடாமல் சீக்கிரம் போர்க்களத்துக்குப் போய்விடுங்கள். செஸ் மட்டும் போதும் என்பவர்களுக்கு லிசெஸ் தளம் இருக்கிறது. முழுக்க இலவசம், பார்வையற்றோருக்கென்றே தனி முறை உண்டு, எதிரியின் நகர்த்தலைத் திரைவாசிப்பான் சொல்லும். காசு வாங்காதவர்கள் செய்திருக்கிறார்கள் என்றால் காசு வாங்குகிறவர்களால் ஏன் முடியாது?

ஏற்கெனவே ஏமாந்தவர்கள் விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட், பில், பணம் போட்ட விவரம் எதையும் அழித்துவிடாதீர்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதில் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். 5 லட்சம் வரை கட்டணம் கிடையாது, வக்கீல் கட்டாயம் இல்லை, இரண்டு வருடம் அவகாசம் உண்டு. கேமை நாங்கள் ஆடும்படி மாற்று என்று கம்பெனியை அங்கே கட்டாயப்படுத்த முடியாது. இல்லாத வசதியை இருக்கிறது என்று விற்றதற்குத்தான் புகார். அதை மட்டும் எழுதுங்கள், சுற்றி வளைக்க வேண்டாம்.

நாங்கள் இருவரும் தனித்தனியாகப் புகார் கொடுத்திருக்கிறோம். கன்ட்ரோலரை மட்டும் திருப்பி எடுத்துக்கொள்கிறேன், கேமை விட்டுவிடுங்கள் என்று இப்போது கடையிலிருந்து போன் வருகிறது. செட்டாக விற்றதைச் செட்டாகத்தான் எடுக்க வேண்டும் என்று சொல்லிவிட்டோம். அதே கடையில் வாங்கியவர்கள் வேறு யாராவது இருந்தால் உள்பெட்டியில் எழுதுங்கள், ஆணையத்துக்குச் சேர்ந்தே போகலாம்.