துளையா, நட்ட செல்லா, ஊசியா? குருத்தெலும்புச் சிகிச்சைகள் ஓர் அலசல்

தோல் கிழிந்தால் ஆறுகிறது, எலும்பு முறிந்தால் கூடுகிறது. மூட்டுக் குருத்தெலும்புக்கு மட்டும் அந்தக் கொடுப்பினை இல்லை. அதில் ரத்தக் குழாய் கிடையாது, நரம்பும் கிடையாது. இருக்கிற கொஞ்சம் செல்களும் கொலாஜன் என்ற புரதத்தாலான கெட்டியான வலைக்குள் அடைபட்டுக் கிடக்கின்றன. அழிந்த குருத்தெலும்பு திரும்ப வராது என்று உடற்கூறியல் மருத்துவர் வில்லியம் ஹண்டர் 1743இலேயே எழுதிவிட்டார்.

இருப்பதில் எளிய வழி மைக்ரோஃபிராக்சர். 1980களில் அமெரிக்க அறுவை மருத்துவர் ரிச்சர்ட் ஸ்டெட்மன் பரப்பியது. குருத்தெலும்பு பெயர்ந்த இடத்தைச் சுரண்டிச் சுத்தம் செய்து, அடியிலுள்ள எலும்பில் சில மில்லிமீட்டர் இடைவெளி விட்டுத் துளைகள் போடுவார்கள். மஜ்ஜை ரத்தம் கசிந்து உறையும், அதோடு வந்த ஸ்டெம் செல்கள், அதாவது வேறு வகைச் செல்களாக மாறக்கூடிய மூலச் செல்கள், அங்கே திசுவாகும். யோசித்துப் பார்த்தால் இதுவும் ஸ்டெம் செல் சிகிச்சைதான், விளம்பரம் இல்லாதது! குறை என்னவென்றால், முளைப்பது அசல் குருத்தெலும்பு அல்ல, தழும்பு போன்ற நார்த்திசு. சில வருடங்களில் அது நைந்துபோகலாம்.

அடுத்தது, குருத்தெலும்புச் செல்களையே வளர்த்து நடுவது. ஸ்வீடனின் கோதன்பர்க்கில் 1987இல் தொடங்கியது. 23 பேரின் முடிவுகள் 1994இல் வெளிவந்தன. மூட்டின் நல்ல பகுதியிலிருந்து சிறு துண்டெடுத்து, சில வாரங்கள் ஆய்வகத்தில் பெருக்கி, பள்ளத்தில் வைக்கிறார்கள். ஆக, இரண்டு அறுவை சிகிச்சை. போதாததற்கு, தட்டில் வளரும் செல்கள் தட்டையாகித் தங்கள் குணத்தையே மறக்கத் தொடங்கும்.

இவ்வளவு சிரமப்பட்டு லாபம் உண்டா? நார்வேயில் 80 பேரிடம் இந்த இரண்டு முறைகளையும் ஒப்பிட்டபோது, ஐந்து வருடம் கழித்தும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. ஆனால் 3 சதுர சென்டிமீட்டருக்கு மேற்பட்ட பள்ளம் உள்ள 144 பேரிடம் நடந்த இன்னொரு சோதனையில், கொலாஜன் சவ்வில் பதித்து வைத்த செல்கள் இரண்டு வருடத்தில் மைக்ரோஃபிராக்சரை முந்தின. சின்னப் பள்ளத்துக்குத் துளை போதும், பெரிதென்றால் நட்ட செல் என்றே இதைப் படிக்கிறேன்.

ஸ்டெம் செல்லை நேரடியாக வைப்பதில் முன்னே நிற்பது தென்கொரியா. தொப்புள்கொடி ரத்தத்திலிருந்து எடுத்த, வேறொருவருடைய ஸ்டெம் செல்களால் ஆன கார்டிஸ்டெம் என்ற மருந்துக்கு 2012இல் அங்கே அனுமதி கிடைத்தது. சொந்த மூட்டை முதலில் ஒருமுறை கீற வேண்டியதில்லை என்பது நிஜமான லாபம். சிக்கல் எங்கே என்றால், ஸ்டெம் செல்லைக் குருத்தெலும்பாக மாற்றினால் அது அங்கேயே நிற்பதில்லை. வீங்கி, பத்தாம் வகைக் கொலாஜன் சுரந்து, எலும்பாகும் பாதையில் நடக்கப் பார்க்கிறது. கருவில் கை கால் எலும்புகள் உருவாவதும் அப்படித்தானே, அதற்குப் பழகிய வேலை அது. போதாக்குறைக்கு, 1991இல் இந்தச் செல்களுக்கு ‘மெசன்கைமல் ஸ்டெம் செல்’ என்று பெயரிட்ட அமெரிக்க உயிரியலாளர் ஆர்னால்ட் கேப்லனே, பெயரை மாற்றுங்கள் என்று 2017இல் எழுதினார். இவை பெரும்பாலும் தாங்களே திசுவாவதில்லை, சுற்றியுள்ள செல்களுக்குச் சமிக்ஞை அனுப்புகின்றன என்பது அவர் வாதம்.

சரி, அறுவையே வேண்டாம், ஸ்டெம் செல் ஊசி போதும் என்கிறார்களே? அதிகம் விற்பது இதுதான். எனக்கு நம்பிக்கை குறைவாக இருப்பதும் இதில்தான். மஜ்ஜைச் செல்களில் பத்தாயிரத்துக்கு ஒன்று ஸ்டெம் செல்லாகத் தேறினாலே அதிகம். முழங்கால் தேய்மானம் உள்ள 450க்கும் மேற்பட்டவர்களிடம் மஜ்ஜை, கொழுப்பு, தொப்புள்கொடி என மூன்று வகைச் செல் ஊசிகளையும் சாதாரண ஸ்டீராய்டு ஊசியோடு ஒப்பிட்ட முடிவு 2023இல் வந்தது. ஒரு வருடம் கழித்து மூன்றில் எதுவும் ஸ்டீராய்டை மிஞ்சவில்லை.

துளை போட்டாலும் செல் நட்டாலும், பல வாரங்களுக்குக் காலை முழுசாக ஊன்ற விடமாட்டார்கள். இளம் திசு நசுங்கிவிடும் என்ற பயம். ஊசிக்காரர்களோ அன்றே நடந்து வீட்டுக்குப் போகலாம் என்கிறார்கள். உள்ளே புதுத் திசு முளைக்கிறது என்றால், அதன்மேல் ஏறி நிற்க மட்டும் எப்படி அனுமதிக்கிறார்கள்?