வீட்டுக்கே வரும் ஆஸ்துமா சேவை: எட்டு மாத அனுபவம்

என் பையனுக்கு ஏழு வயது. போன வருஷம் மட்டும் நான்கு தடவை ராத்திரியில் அவனை அவசரப் பிரிவுக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். ஒவ்வொரு தடவையும் நெபுலைசர் வைப்பார்கள், இழுப்பு அடங்கும், விடிந்ததும் அனுப்பிவிடுவார்கள். வீடு எப்படி இருக்கிறது என்று ஒருத்தரும் கேட்டதில்லை. அப்புறம்தான் எங்களைப் போல நெருக்கடியான குடியிருப்புகளில் இருப்பவர்களுக்காகவே ஒரு சமூகத் தொழில்முனைவு அமைப்பு நடத்தும் இந்தச் சேவையில் சேர்ந்தோம்.

முதல் நாள் வந்த அக்கா மருந்துச் சீட்டைக் கேட்கவே இல்லை. "தம்பி, பம்ப் எப்படி அடிப்பே, காட்டு" என்றார். அவன் அந்த பம்பை, அதாவது இன்ஹேலரை, குலுக்காமலே அழுத்தினான், அழுத்தி முடித்த பிறகுதான் மூச்சை இழுத்தான், மருந்தெல்லாம் நாக்கிலும் தொண்டையிலும் போய் உட்கார்ந்தது. இரண்டு வருஷமாக இப்படித்தான் நடந்திருக்கிறது, நானும் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறேன். அழுகையே வந்துவிட்டது.

அடுத்து, இழுப்பு வரும்போது அடிக்கும் நீல பம்புகளில் காலியானவற்றை எடுத்து வரச் சொல்லி எண்ணினார். ஒரு வருஷத்தில் ஐந்து. 200 தடவை அடிக்கக்கூடிய பம்ப் வருஷத்துக்கு மூன்று தீர்ந்தாலே பெரிய இழுப்பு வரும் ஆபத்து கூடுகிறதாம். நீல பம்ப் சுருங்கிய மூச்சுக்குழாயை அந்த நேரத்துக்குத் தளர்த்திவிடும், உள்ளே இருக்கும் வீக்கம் அப்படியேதான் இருக்கும், அதைக் குறைப்பது தினமும் போட வேண்டிய ஸ்டீராய்டு பம்ப். நாங்களோ ஸ்டீராய்டு என்ற பெயருக்கே பயந்து, பையன் கொஞ்சம் தேறினால் அதை நிறுத்திவிடுவோம். அக்கா திட்டவில்லை. எவ்வளவு குறைந்த அளவு அது, போட்ட பிறகு வாய் கொப்பளிக்க வேண்டும் என்பதையெல்லாம் பொறுமையாகச் சொன்னார்.

பம்புக்கும் வாய்க்கும் நடுவில் வைத்து மருந்தை உள்ளே இழுக்க உதவும் குடுவைதான் ஸ்பேசர். அதை வாங்க முடியாத வீடுகளுக்கு 500 மில்லி பிளாஸ்டிக் பாட்டிலில் பம்ப் அளவுக்கு ஓட்டை போட்டு, சுற்றிலும் பசை வைத்து அடைத்துத் தருகிறார்கள். ஏழைகளுக்கு இது போதும் என்று ஒப்பேற்றுகிறார்களோ என்று எனக்குச் சந்தேகம். ஆனால் 1999-ல் கேப்டவுனில் குழந்தைகளிடம் நடந்த ஆய்விலேயே, அடைத்த பாட்டில் கடை ஸ்பேசர் அளவுக்கு வேலை செய்தது தெரிந்திருக்கிறது. தெர்மோகோல் கப் அந்த அளவுக்கு உதவவில்லை, அதனால் கையில் கிடைத்ததையெல்லாம் வைத்துச் செய்துவிடாதீர்கள்.

பையன் படுக்கும் கட்டிலை நகர்த்திப் பார்த்தால் சுவர் முழுக்கக் கருப்பாகப் பூஞ்சை, மேல் வீட்டுக் குழாய்க் கசிவு. கட்டிலை இடம் மாற்றினோம், கரப்பானுக்கு ஸ்ப்ரே அடிப்பதை விட்டுவிட்டு ஜெல் வைத்தோம். கசிவைப் பற்றி வீட்டு உரிமையாளருக்கு அமைப்பே கடிதம் எழுதியது. சரிசெய்ய இரண்டு மாதம் இழுத்தார், ஆனால் செய்தார். நான் சொன்னபோதெல்லாம் காதில் வாங்காத மனிதர்.

சந்தா வருமானத்தைப் பொறுத்தது. முழுசாகக் கட்டுகிறவர்கள் பணத்தில்தான் கட்ட முடியாதவர்கள் வீட்டுக்கும் போகிறார்கள். வருகிறவர்கள் எங்கள் பகுதிப் பெண்களே, மாதச் சம்பளம் உண்டு. இது எனக்கு ரொம்ப முக்கியமாகப் படுகிறது, சம்பளமில்லாத சேவைக்கு எத்தனை நாள் ஒருத்தர் படியேறி வருவார்?

குறையும் உண்டு. சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் போனை எடுக்க ஆளில்லை. இழுப்பு வருவதோ நடுராத்திரியில். இதை அவர்களிடம் இரண்டு தடவை சொல்லிவிட்டேன், இன்னும் மாறவில்லை. நடுவில் அக்காவை வேறு பகுதிக்கு மாற்றிவிட்டார்கள், புதிதாக வந்தவர் முன்னால் பம்ப் அடிக்கவே பையன் ஒரு மாதம் மறுத்தான். வாசலிலேயே லாரிப் புகை, அதற்கு இவர்களால் ஒன்றும் செய்ய முடியாது.

இந்த எட்டு மாதத்தில் அவசரப் பிரிவுக்குப் போனது ஒரே தடவை. சேருகிறவர்கள் முதல் வருகைக்கு முன்னால் காலி பம்புகளைத் தூக்கிப் போடாமல் எடுத்து வையுங்கள், சுத்தம் செய்கிறேன் என்று வீட்டை மாற்றியும் வைக்காதீர்கள், இருப்பது இருக்கிறபடியே அவர்கள் கண்ணில் படட்டும்.