‘கெஃபியோன்’: ஏழு வருடம் கேட்ட பிறகு

2018 தொடக்கத்தில் இருந்து நான் விடாமல் கேட்டுவரும் ஒரு ஜாஸ் ஆல்பம் இது. டென்மார்க்கின் கிதார் கலைஞர் யாகோப் ப்ரோவின் ‘கெஃபியோன்’. மூன்றே மூன்று பேர்: மின்கிதார் ப்ரோ, டபுள் பேஸ் (ஆளுயர வயலின் மாதிரியான, தாழ்ந்த குரல் வாத்தியம்) அமெரிக்கரான தோமஸ் மோர்கன், டிரம்ஸ் நோர்வேக்காரரான யோன் கிறிஸ்டென்சன். 2013 நவம்பரில் ஓஸ்லோவின் ரெயின்போ ஸ்டூடியோவில் பதிவாகி, 2015இல் ஜெர்மனியின் ஈசிஎம் என்கிற இசை வெளியீட்டு நிறுவனத்தால் வெளிவந்தது. எட்டு உருப்படிகள். பாட்டுக் குரல் இல்லை, வாத்தியம் மட்டும். கேட்கத் தொடங்கி ஒரு கிழமையில் எழுதியிருந்தால் "நல்லாயிருக்கு, மழைக்குக் கேட்கலாம்" என்று இரண்டு வரியில் முடித்திருப்பேன். அது பிழையான தீர்ப்பாக இருந்திருக்கும்.

ஈசிஎம் தன்னுடைய ஆல்பங்களை ஸ்ட்ரீமிங்குக்கு விட்டதே 2017 நவம்பரில்தான். அதற்கு முன்னர் இலங்கையின் கிழக்கே, மட்டக்களப்புப் பக்கம் களுவாஞ்சிக்குடியில் இருக்கிற ஒருவனுக்கு இதெல்லாம் கைக்கு எட்டுகிற சங்கதி இல்லை. எட்டியதும் கண்டபடி கேட்டேன், அந்த நெரிசலில் வந்து நின்றதுதான் இது.

முதல் நாலு வருடமும் நான் கேட்ட விதம் சரியில்லை. எனக்குப் படிப்பிக்கிற வேலை, பள்ளிக்கூடம் படுவான்கரையில், அதாவது மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையில்; எங்கள் வீடு கிழக்கே எழுவான்கரையில். காலையில் குருமண்வெளித் துறைக்குப் போய், பாதையில் ஏறி மண்டூருக்குக் கடக்க வேண்டும். (வெளியூர்க்காரருக்காக: எங்கள் பக்கம் ‘பாதை’ என்றால் ஆட்களையும் மோட்டார் சைக்கிளையும் ஏற்றிக்கொண்டு வாவியைக் கடக்கும் மிதவை.) முதல் உருப்படியான ‘கெஃபியோன்’ பத்து நிமிடத்துக்கு மேல் ஓடும், துறையில் நிற்கிற நேரத்தையும் கடக்கிற நேரத்தையும் சேர்த்தால் ஏறக்குறையச் சரியாக வரும். ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு தண்ணியைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். எஞ்சின் சத்தம், ஆட்களின் கதை, காற்று, இதெல்லாவற்றுக்கும் மேலால் கிதார் மட்டும் புகை மாதிரிப் பரவி வரும். அழகாகத்தான் இருந்தது, இல்லை என்று சொல்லவில்லை, ஆனால் எனக்குக் கேட்டது மூன்றில் ஒரு பங்குதான் என்பது அப்போது தெரியாது.

பிறகு 2022 வந்தது, நாட்டில் பொருளாதார நெருக்கடி. மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை கரண்டை வெட்டினார்கள், பெற்றோலும் டீசலும் இல்லை. எங்கள் ஒழுங்கையில் மின்விசிறிச் சத்தம் இல்லை, டிவி இல்லை, பக்கத்து வீட்டுத் தண்ணி மோட்டர் இல்லை, மெயின் ரோட்டில் வாகனம் போவதே அரிது. உள்ளே வெக்கை தாங்காமல் ஒரு இரவு முற்றத்தில் பாயைப் போட்டுப் படுத்துக்கொண்டு, போனில் மிச்சமிருந்த சார்ஜ் கரையக்கூடாது என்று சத்தத்தை நன்றாகக் குறைத்துவிட்டு இந்த ஆல்பத்தைப் போட்டேன். அன்றைக்குத்தான் கிறிஸ்டென்சன் காதில் விழுந்தார்.

குச்சி நுனி சிம்பலில் (டிரம்ஸோடு வருகிற உலோகத் தட்டு) படுகிற சின்னச் சத்தம், அது விரிந்து மெலிந்து ஓய்கிற வரைக்கும் அவர் பொறுத்திருப்பது, ஓய்ந்ததா இல்லையா என்று நாம் காதைக் கூராக்குகிற நேரத்தில் தோலில் மெதுவாக ஒரு தட்டு. அடுத்தது எப்போது வரும் என்று சொல்ல முடியாது. வழமையான டிரம்ஸ் மாதிரி ஒன்று இரண்டு மூன்று நாலு என்று கையால் எண்ண வெளிக்கிட்டால் கை அந்தரத்தில் நிற்கும். ஆனாலும் நடை குலையவில்லை, மூன்று பேரும் ஒரே மூச்சில்தான் போகிறார்கள். பதிவின்போது கிறிஸ்டென்சனுக்கு 70 வயது. எழுபதுகளிலேயே அமெரிக்கப் பியானோ கலைஞர் கீத் ஜாரெட்டின் ஐரோப்பிய நால்வர் குழுவில் வாசித்தவர், ஈசிஎம் ஆல்பங்கள் எத்தனையோவற்றில் அவர் இருக்கிறார். ப்ரோவுக்கு அப்போது 35, மோர்கனுக்கு 32. இளம் ஆட்கள் இரண்டு பேரும் மூத்தவருக்கு இடம் விட்டு வாசிக்கிறார்கள், மூத்தவர் அந்த இடத்தில் பாதியைத் தொடாமலே விடுகிறார்.

இதை என் மாமாவிடம் போட்டுக் காட்டினேன். அவர் ஒரு காலம் எங்கள் பக்கத்து நாட்டுக்கூத்தான வடமோடிக்கு மத்தளம் அடித்தவர். வடமோடியில் மத்தளம்தான் ஆளை ஆட்டும், பாத்திரம் மேடைக்கு வருகிற வரவுத் தாளம் விழுந்தால் ராசா வேஷக்காரன் நிற்க ஏலாது, கால் தானாக எழும்பும். அப்படிப் பழகிய காதுக்கு இது எப்படி இருக்கும் என்று அறிய ஆசை. ஒரு பக்க ஹெட்செட்டை அவருடைய காதில் வைத்துவிட்டு மற்றதை நான் வைத்துக்கொண்டேன். கண்ணை மூடிக்கொண்டு, தொடையில் ஒரு விரலை மட்டும் வைத்தபடி முழுவதையும் கேட்டார். விரல் இரண்டு மூன்று தரம் எழும்பிப் பார்த்துவிட்டுத் திரும்பப் படுத்துவிட்டது.

"இந்தாள் தாளம் அடிக்கயில்ல மருமகன்," என்றார். "தாளம் உள்ளுக்கு ஓடுது. அங்கயும் இஞ்சயும் தட்டிப் பாக்கிறார், ஓடுதா எண்டு."

நான் வாசித்த எந்த விமர்சனத்தையும் விட எனக்கு இது உதவியது. அதற்குப் பிறகு டிரம்ஸை எண்ணுவதை விட்டுவிட்டு, மோர்கனுடைய பேஸைப் பிடித்துக்கொண்டு கேட்கத் தொடங்கினேன். இந்த ஆல்பத்தில் மெட்டைச் சுமப்பதில் பாதி வேலை பேஸ்தான் செய்கிறது, கிதார் பல இடங்களில் பின்னால் போய் வானம் மாதிரி நிற்கிறது. ‘கோபன்ஹேகன்’ என்கிற இரண்டாவது உருப்படியில் இதைக் கவனித்துப் பாருங்கள். புதிதாகக் கேட்பவருக்கு நான் அதையே முதலில் போடுவேன், மெட்டு உடனே பிடிபடும்.

தலைப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். கெஃபியோன் நோர்டிக் புராணத்தில் ஒரு பெண் தெய்வம். சுவீடன் ராசா கில்ஃபி, நாலு எருது ஒரு பகலும் ஒரு இரவும் உழுகிற அளவு நிலத்தை எடுத்துக்கொள் என்று வாக்குக் கொடுக்கிறான். அவள் தன்னுடைய நாலு பிள்ளைகளையும் எருதாக்கி ஏரில் பூட்டி உழுத உழவில் நிலம் பெயர்ந்து கடலுக்குள் இழுபட்டுப் போய், இன்றைக்குக் கோபன்ஹேகன் நகரம் இருக்கிற ஷேலாண்ட் தீவாகிறது. நிலம் பெயர்ந்த இடத்தில் தண்ணி நிரம்பி ஏரியாகிறது. கோபன்ஹேகனில் அந்த எருதுகளோடு அவளுக்கு ஒரு பெரிய நீரூற்றுச் சிலையும் இருக்கிறது. இந்தக் கதை தெரிந்த பிறகு பாதையில் நின்று முதல் உருப்படியைக் கேட்டால் எனக்குச் சும்மா இருக்க முடிவதில்லை. பின்னால் எழுவான்கரை, முன்னால் படுவான்கரை, நடுவில் இந்தத் தண்ணி, அக்கரை முழுக்க வயல். யாரோ உழுது பிரித்துவிட்டுப் போன மாதிரியே இருக்கும்.

ஒலிப்பதிவைப் பற்றிக் கட்டாயம் பேச வேண்டும். தயாரிப்பு மான்ஃப்ரெட் ஐகர், 1969இல் ஈசிஎம்மைத் தொடங்கியவர். பதிவுப் பொறியியலாளர் யான் எரிக் கொங்ஸ்ஹவ்க், ரெயின்போ ஸ்டூடியோவை நடத்தியவரும் அவரே. ஒவ்வொரு சத்தத்தைச் சுற்றியும் ஒரு பெரிய மண்டபம் இருக்கிற மாதிரி எதிரொலி வைத்திருக்கிறார்கள், சிலருக்கு அது அளவுக்கு மிஞ்சியதாகத் தெரியும், எனக்கு இதில் சரியாக இருக்கிறது. ஆனால் ஒன்று, டேட்டா மிச்சம் பிடிக்க ஸ்ட்ரீமிங்கைக் குறைந்த தரத்தில் வைத்தால் முதலில் அடிபடுவது சிம்பல்தான். சிம்பல் சத்தம் நீண்டு மெலிந்து ஓய்கிற அந்த இடம் முழுதும் தகரத்தில் மணல் கொட்டின மாதிரி ஆகிவிடும். நான் வருடக்கணக்காக அப்படித்தான் கேட்டிருக்கிறேன். வைஃபையில் உயர்ந்த தரத்தில் இறக்கி வைத்துக்கொண்டு கேளுங்கள். வயர் ஹெட்செட் பாவிப்பவர்கள் கடற்கரைப் பக்கம் இருந்தால் பிளக்கையும் அடிக்கடி துடையுங்கள், எங்கள் உப்புக்காற்றுக்கு அது கறள் பிடித்து ஒரு பக்கம் மட்டும் கேட்கும்.

2023இல் ஓஸ்லோவில் இருக்கிற மச்சான் லீவில் வந்தபோது சீடி கொண்டுவந்து தந்தார். "உங்கட ஊரில அடிச்ச பாட்டு மச்சான்" என்று போட்டுக் காட்டினேன். தொடக்கத்தில் சில விநாடி வெறும் அமைதி வரும், ஈசிஎம் சீடிகளில் அது வழக்கம். "என்ன மச்சான், தொடங்கயில்லயே, சீடி பிழையோ" என்று கேட்டார். தொடங்கின பிறகு ஒன்றும் கேட்கவில்லை. கடைசியில், "அங்க பனிக்காலத்தில பின்னேரம் மூண்டு நாலு மணிக்கே இருட்டும், அந்த நேரம் இப்பிடித்தான் இருக்கும்" என்று மட்டும் சொன்னார். நான் பனியைக் கண்டதில்லை. எனக்கு இது பெரும்போக நெல் வெட்டி முடிந்த வயலில் பின்னேரம்.

குறை இல்லையா என்றால் இருக்கிறது. பஸ்ஸில் கேட்கிற ஆல்பம் இல்லை. வேலை செய்துகொண்டு கேட்டால் ஓடி முடிந்ததே தெரியாது. நடுவில் வருகிற உருப்படிகள் எல்லாம் ஒரே வேகம் போலத் தோன்றும், அவற்றைப் பிரித்து அறிய எனக்கே நாள் சென்றது. ஆட்டம் போடுகிற ஜாஸ் தேடுபவர்கள் வேறு ஏதும் பார்க்கலாம்.

இதற்குப் பிறகு ப்ரோவும் மோர்கனும் ஜோயி பாரனை டிரம்ஸில் வைத்து 2016இல் ‘ஸ்ட்ரீம்ஸ்’ வெளியிட்டார்கள். அருமையான ஆல்பம், பாரன் கையில் எல்லாம் இன்னும் தெளிவாக இருக்கும். எனக்கு அந்தத் தெளிவு கொஞ்சம் கூடிவிட்டது. 2018இல் ‘ரிட்டர்னிங்ஸ்’ ஆல்பத்தில் கிறிஸ்டென்சன் திரும்ப வந்தார், கூடவே ட்ரம்பெட்டில் பல்லே மிக்கல்போர்க். 2020 பெப்ரவரியில் கிறிஸ்டென்சன் காலமானார். அதற்குச் சில மாதம் முன்னர், 2019இல், கொங்ஸ்ஹவ்க்கும் போய்விட்டார்.

மாமா இப்போதும் இடைக்கிடை வந்தால் "அந்தக் கிழவனைப் போடு மருமகன்" என்பார். சீடியில் மூன்றாவது உருப்படியில் கீறல் விழுந்து ஒரு இடத்தில் குதிக்கிறது. மச்சானிடம் இன்னொன்று கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன்.