செங்கோட்டைச் சாரலில் 13 ஆண்டுகள்: எங்கள் திருமண ஆல்பம்

2011ஆம் ஆண்டு ஆவணியில் செங்கோட்டையில் எங்கள் திருமணம் நடந்தது. படமெடுக்க மட்டும் 38,000 ரூபாய் என்று கேட்டதும், "அந்தக் காசுக்கு ஒரு பீரோ வாங்கிப் போடலாமே" என்றார் பெரியப்பா. அந்தச் செலவில் எது உருப்படியானது, எது வீண் என்பது 13 ஆண்டுகள் புழங்கிய பிறகுதான் விளங்கியிருக்கிறது.

முதல் வீண், ஆல்பத்தின் அலங்காரம். வெல்வெட் பெட்டிக்கும் பெயர் பொறித்த அட்டைக்கும் 6,000 ரூபாய் போயிற்று. ஆரியங்காவுக் கணவாய் வழியாக ஆனி தொடங்கி ஆவணி வரை சாரல் இறங்கும் ஊரில், மர அலமாரிக்குள் வெல்வெட்டை வைத்தால் என்னவாகும் என்று எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். நான்காம் ஆண்டில் பூஞ்சை பிடித்தது. கடைசித் தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. உள்ளே ஒரே படத்தை 36 அங்குல விரிபக்கம் முழுவதும் இழுத்து அச்சிட்டிருந்தார்கள். அன்றைய 12 மெகாபிக்சல் கேமராவின் படம், அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற கணக்கில் 14 அங்குல அகலத்துக்குச் சற்று மேல்தான் தாங்கும். அதனால் அந்தப் பக்கங்களில் முகங்கள் மங்கியே இருக்கின்றன. சிறிதாக அச்சிட்ட படங்கள் இன்றும் பளிச்சென்று இருக்கின்றன.

ஸ்டுடியோவில் கொடுத்த டிவிடியை 2016இல் போட்டபோது அது திறக்கவில்லை. மூலக் கோப்புகளை ஓராண்டில் அழித்துவிடுவது தங்கள் வழக்கம் என்றார்கள். அந்த வழக்கத்தை முன்பே சொல்லியிருக்கலாம். நல்லவேளையாக, திருமணம் முடிந்த வாரத்திலேயே என் மைத்துனர் விடாப்பிடியாக நின்று, முழு அளவுக் கோப்புகள் அனைத்தையும் ஹார்டு டிஸ்கில் வாங்கி வைத்திருந்தார்.

பணத்துக்கு உண்மையில் பலன் தந்தது படமெடுத்தவரின் கவனம். அவர் முதல் நாள் மாலையே மண்டபத்துக்கு வந்து, எந்தச் சடங்கு எப்போது, யார் எங்கே நிற்பார்கள் என்று கேட்டு எழுதிக்கொண்டார். பெண் வீடு கேரளத்தின் புனலூரில் வாழும் தமிழ்க் குடும்பம் என்பதால், மணமேடையில் நிறைபறையும் (நெல் நிரப்பிய மரப்படி) தென்னம்பாளையும் வைப்பார்கள் என்று மாமியார் சொல்ல, அதற்கு இடம்விட்டு வீடியோ விளக்கைத் தள்ளி வைக்கச் சொன்னார். தாலி கட்டும் நேரத்தில் அவர் எங்களுக்கும் உறவினர்களுக்கும் நடுவே வந்து நிற்கவேயில்லை. இது சிறிய விஷயமாகத் தோன்றலாம், ஆனால் பல திருமணங்களில் முகூர்த்தத்தின்போது கேமராக்காரரின் முதுகைத் தவிர வேறெதையும் நான் பார்த்ததில்லை. செங்கோட்டை-புனலூர் மீட்டர்கேஜ் ரயில் பாதை அகலப்பாதைப் பணிக்காக 2010இலேயே மூடப்பட்டிருந்ததால், பெண் வீட்டார் பேருந்தில் மலையிறங்கி வந்தார்கள். அவர்கள் சாரலில் நனைந்து, பலகாரக் கூடைகளைத் தலைக்கு மேல் பிடித்தபடி மண்டப வாசலில் நிற்கும் படத்தை யாரும் கேட்கவில்லை, அவராகவே எடுத்தார். எங்கள் வீட்டில் அதிகம் பார்க்கப்படுவது அந்தப் படம்தான்.

எதிர்பாராத பலன் 2022இல் கிடைத்தது. திருமணத்தன்று என் மனைவி அணிந்திருந்தது அவள் பாட்டியின் பாலக்கா மாலை, பச்சைக் கற்கள் பதித்த கேரளத்துத் தங்க மாலை. இடையில் ஒரு மருத்துவச் செலவுக்காக அதை விற்க நேர்ந்தது. அதே வேலைப்பாட்டில் செய்து தரும்படி ஆசாரியிடம் கேட்டு, வாட்ஸ்அப்பில் வந்த படத்தைக் காட்டினேன். பச்சைக் கற்கள் வெறும் பொட்டுகளாகத் தெரிந்தன. மைத்துனரின் கோப்பில் கழுத்தை மட்டும் நெருங்கி எடுத்த படம் ஒன்று இருந்தது. அதைப் பெரிதாக்கியதும் ஆசாரி கற்களை எண்ணினார், கட்டுமானத்தையும் கொக்கியின் வளைவையும் தாளில் வரைந்துகொண்டார். மாலை வந்த நாளில் மாமியார் அதைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்து, "கொக்கிகூட அம்மாவுடையது மாதிரியே" என்றார்.

இப்போது கோப்புகளின் ஒரு பிரதி எங்களிடமும் இன்னொன்று புனலூரிலும் இருக்கின்றன. ஆல்பத்தை வெல்வெட் பெட்டியிலிருந்து எடுத்து, சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு இரும்புப் பீரோவில் வைத்திருக்கிறோம். பெரியப்பா சொன்ன அந்தப் பீரோவைப் பிறகு தவணையில் வாங்கினோம்.