கார் சீட்டில் கீறல்: பால்ம், கலர் கிட், குஷன் கடை, முழுக் கவர், எது எதற்கு?

பெரும்பாலான கார்களில் முதலில் போவது டிரைவர் சீட்டின் கதவுப் பக்க ஓரம்தான். ஏறும்போதும் இறங்கும்போதும் அந்த மேட்டின் மேல்தான் சறுக்குகிறோம், ஜீன்ஸின் பித்தளைக் குமிழும் இடுப்பில் தொங்கும் சாவியும் உரசுவது அங்கேதான். நெல்லைப் பக்கம் இதோடு வெயில், மணல், எண்ணெய் மூன்றும் சேர்கின்றன. உவரிக்கோ திருச்செந்தூருக்கோ போய் வந்த வண்டியில் கடல் மணல் தங்கி, ஆள் அசையும் ஒவ்வொரு முறையும் உப்புத்தாள் போட்ட மாதிரி சீட்டைத் தேய்க்கும். குற்றாலத்தில் எண்ணெய் தேய்த்துக்கொண்டு அருவியில் நின்றுவிட்டு, பாதி எண்ணெய் உடம்பிலேயே இருக்க அப்படியே வந்து உட்காருகிறோம். அந்த எண்ணெய் மேல்பூச்சை மெல்ல மெல்ல இளக்கிவிடும்.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கீறல் விழுந்ததும் முழு சீட் கவர் போடச் சொல்வதுதான் நம் ஊர் வழக்கம், ஆனால் அது கடைசி வழியாக இருக்க வேண்டும். பெரும்பாலான சேதத்துக்கு அதில் ஒரு பங்கு செலவு கூட ஆகாது.

எதை வாங்குவதற்கு முன்னாலும் சீட் என்ன பொருள் என்று பாருங்கள். ‘லெதர் சீட்’ என்று பேச்சில் சொல்லப்படுவதில் நிறைய லெதரெட், அதாவது துணி மேல் பியூ (பாலியூரித்தேன்) அல்லது பிவிசி என்ற பிளாஸ்டிக் பூசியது. சீட்டுக்கு அடியில் மடித்துவிட்ட ஓரத்தை இழுத்துப் பாருங்கள், பின்பக்கம் நெய்த துணி தெரிந்தால் லெதரெட், நார் நாராக வெல்வெட் போல இருந்தால் தோல். சில வண்டிகளில் உடம்பு படும் இடம் மட்டும் தோல், பக்கவாட்டும் முதுகும் லெதரெட். அசல் தோலாகவே இருந்தாலும் கார் சீட்டில் அநேகமாக அதன் மேல் நிறப்பூச்சும், அதற்கு மேல் பியூ பூச்சும் இருக்கும். ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் முத்தாக நிற்கும். உடனே ஊறி இடம் கறுத்தால் அது பூச்சில்லாத அனிலின் தோல், அதை நாமே தொடாமல் இருப்பது நல்லது.

அடுத்து நகத்தைக் குறுக்கே ஓட்டுங்கள். தட்டவில்லை என்றால் அடி மேல்பூச்சோடு நின்றுவிட்டது. தட்டினால் கீறல் உள்ளே இறங்கியிருக்கிறது. பஞ்சு தெரிந்தால் அது கீறல் இல்லை, கிழிசல். நான்கு வழியில் எது என்பதைப் பெரும்பாலும் இதுவே முடிவு செய்துவிடும்.

முதல் வழி, வீட்டில் இருப்பதைத் தேய்ப்பதும் பால்மும், அதாவது தோலில் தடவும் களிம்பும். தேங்காய் எண்ணெய் தடவினால் கீறல் கறுத்து மறைந்த மாதிரி தெரியும், காய்ந்ததும் திரும்பி வரும், அதற்குள் தூசியும் ஒட்டியிருக்கும். பின்னால் கலர் அடிக்க நினைத்தாலும் எண்ணெய் ஏறிய இடத்தில் கலர் பிடிக்காது. ஷூ பாலிஷ் இதைவிட மோசம், பாளையங்கோட்டை வெயிலில் வண்டி நின்றால் உள்ளே அறுபது டிகிரி தாண்டுகிறது, மெழுகு இளகி வெள்ளை வேட்டியில் இறங்கும், கல்யாண வீட்டு வாசலில் இறங்கிய பிறகுதான் தெரியும். நிறம் கலந்த லெதர் பால்ம் வேறு விஷயம். அசல் தோலில், பூச்சு தேய்ந்து லேசாக வெளுத்த ஓரத்துக்கு அது போதும், சில மாதத்துக்கு ஒரு முறை திரும்பத் தடவ வேண்டும். லெதரெட்டில் ஊறுவதற்கு இடமே இல்லை, அங்கே வாங்குவது வீண்.

இரண்டாவது வழி, தண்ணீர் அடிப்படையிலான கலரும், குழியை நிரப்பும் ஃபில்லரும், மேல்பூச்சும் சேர்ந்த கிட். நகம் தட்டும் கீறலுக்கும், நிறம் போன ஓரத்துக்கும் என் ஓட்டு இதற்குத்தான், பொறுமை இருந்தால். கலர் உரிந்து வருகிறது என்று குறை சொல்கிறவர்களில் பெரும்பாலானோர் சுத்தம் செய்வதில் அவசரப்பட்டவர்கள். லெதர் கிளீனரும் மென்மையான பிரஷும் கொண்டு அழுக்கை எடுத்து, காயவிட்டு, அப்புறம் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலைத் துணியில் தொட்டு எண்ணெய் போகத் துடைக்க வேண்டும். நிமிர்ந்த நாரை நைஸ் உப்புத்தாளால் படிய வைத்து, ஃபில்லரைக் கத்தி முனையால் மெல்லிய படலமாக வைத்து, அது காய்ந்த பிறகே அடுத்த படலம். ஒரே தடவையில் குழியை நிரப்பினால் உட்கார்ந்ததும் வெடிக்கும். கலரை ஸ்பாஞ்சில் ஒற்றி ஒற்றி எடுங்கள், இழுத்தால் கோடு விழும். ஈரத்தில் ஒரு நிறம், காய்ந்தால் ஒரு நிறம், ஆகவே சீட்டுக்கு அடியில் ஒரு மூலையில் அடித்துக் காயவிட்டுப் பார்த்துவிட்டே மேலே வர வேண்டும். கறுப்பு சுலபம், பீஜ் கடினம். புது வண்டியின் பீஜும் பல வருஷம் வெயிலும் வேர்வையும் பட்ட பீஜும் ஒன்றல்ல, டப்பாவில் எழுதியிருக்கும் பெயரை நம்பி அடித்தால் திட்டாகத் தெரியும். ஆடிக் காற்றில் தெருவில் வண்டியை வைத்து இந்த வேலையைச் செய்யாதீர்கள், ஈரக் கலரில் தூசி உட்கார்ந்துவிடும். முடித்த பிறகு ஒரு நாளாவது யாரும் உட்காரக்கூடாது.

பஞ்சு தெரிந்தாலோ தையல் விட்டுப்போனாலோ கிட்டை மறந்துவிட்டுக் குஷன் கடைக்குப் போங்கள். நம் ஊர்க்காரர்கள் குறைவாக மதிக்கும் வழி இதுதான். சீட் உறை ஒரே துண்டு இல்லை, பல துண்டுகளைத் தைத்தது. நல்ல கைத்தொழில்காரர் சீட்டைக் கழற்றி, உறையைக் கம்பி வளையங்களிலிருந்து விடுவித்து, கெட்ட துண்டை மட்டும் பிரித்து, அதையே அளவாக வைத்துப் புதுசு வெட்டித் தைப்பார். உள்ளே அமுங்கிப்போன ஃபோமுக்கும் அதே நேரத்தில் ஒரு துண்டு வைத்துவிடலாம். ‘ஒரு துண்டுதான் மாத்தணும் அண்ணாச்சி, முழுசா வேண்டாம்’ என்று போனதும் சொல்லிவிடுங்கள், இல்லையென்றால் பேச்சு முழுக் கவருக்குத்தான் போகும். புதுத் துணியின் வரிப்பும் பளபளப்பும் பழசோடு ஒத்துப்போகிறதா என்று கடைக்குள் பார்க்காமல் வெளியே பகல் வெளிச்சத்தில் வைத்துப் பாருங்கள்.

ஒரே ஒரு இடத்தில் மட்டும் யாரையும் கைவைக்க விடக்கூடாது. முன் சீட்டின் முதுகுப் பக்க ஓரத்தில் ஏர்பேக் என்று சின்னப் பட்டி தைத்திருந்தால், பை வெடித்து வெளியே வரும்போது அந்தத் தையல்தான் கிழிந்து வழிவிட வேண்டும். அதைப் பிரித்துத் தடித்த நூலால் தைத்தால் பை வர வேண்டிய நேரத்தில் வராமல் போகலாம். அந்தத் துண்டு போனால் கம்பெனி உறைதான்.

முழுக் கவருக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும், அந்த ஓரத்தை மூடும் கவரை இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம். காற்று வரும் சீட்டில் அது துளைகளையும் அடைத்துவிடும். ஆனால் லெதரெட் செதில் செதிலாக உரிய ஆரம்பித்துவிட்டால் வேறு வழி இல்லை. வெப்பமும் ஈரமும் சேர்ந்து பியூ படலத்தையே சிதைத்துவிட்டது, இன்று இங்கே ஒட்டினால் நாளை பக்கத்தில் உரியும். அப்போது பழைய உறையின் மேலேயே புதுசை மாட்டாமல், பழசைக் கழற்றி அதே அளவில் தைக்கச் சொல்லுங்கள், செலவு கூடினாலும் சுருங்காமல் வழுக்காமல் இருக்கும்.