தேனீ, குளவி கொட்டினால்: அலர்ஜி மாத்திரையா, அட்ரினலின் ஊசியா?

கொட்டிய இடம் மட்டும் சிவந்து, வீங்கி, அரிக்கிறதா? தேனீயின் கொடுக்கு இருந்தால் சட்டென்று எடுத்துவிட்டு, துணியில் சுற்றிய ஐஸை வையுங்கள். பெரியவர்களுக்குச் செட்டிரிசின் என்ற அலர்ஜி மாத்திரை போதும். மாத்திரை வேலை செய்ய ஒரு மணி நேரம் போல ஆகும், அவ்வளவுதான்.

மூச்சு இழுக்கிறது, நாக்கோ தொண்டையோ வீங்குகிறது, தலை சுற்றி மயக்கம் வருகிறது என்றால் கதையே வேறு. அங்கே மாத்திரை வேலைக்கு ஆகாது. அது அலர்ஜியின்போது உடல் வெளியிடும் ஹிஸ்டமின் என்ற ரசாயனத்தை மட்டும்தான் தடுக்கும். சரிந்த ரத்த அழுத்தத்தைத் தூக்காது, சுருங்கிய மூச்சுக்குழாயைத் திறக்காது. இரண்டையும் சில நிமிடங்களில் செய்வது அட்ரினலின்தான். தொடையின் வெளிப்பக்கத் தசையில், அவசரத்துக்கு பேன்ட்டின் மேலேயே, ஆட்டோ இன்ஜெக்டரை (மருந்து நிரப்பியே வரும், அழுத்தினால் தானாக இறங்கும் ஊசி) அழுத்திப் போடலாம். பெரியவர்களுக்கானதில் பொதுவாக 0.3 மில்லிகிராம் இருக்கும். 5 நிமிடத்தில் தேறவில்லை என்றால் இன்னொன்று.

"முதலில் மாத்திரை கொடுத்துப் பார்ப்போம்" என்று காத்திருப்பதுதான் எனக்குப் பெரிய பயம். உயிர் போவது அந்த இடைவெளியில்தான். ஊசி போட்டதும் படுக்க வைத்து (மூச்சுத் திணறினால் உட்கார வைக்கலாம்) உடனே ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். ஆள் தெளிந்துவிட்டாலும் மருத்துவமனைக்குப் போயே ஆக வேண்டும். சில மணி நேரம் கழித்து அலர்ஜி திரும்பவும் கிளம்பலாம்.