தகரக் கூரைக்குக் கீழே: ஃபொயிலா, கிளாஸ் வுல்லா?

தகரக் கூரையின் சூட்டைத் தடுக்கக் கடைசியில் ஃபொயில், அதாவது மினுங்குகிற அலுமினியத் தாள்தான் போட்டேன். அதனால் நான் எந்தப் பக்கம் சாய்கிறேன் என்று யாரும் தேடத் தேவையில்லை. ஆனால் கிளாஸ் வுல் என்கிற கண்ணாடி இழைப் பஞ்சு போட்ட ஒரு வீட்டையும் கிட்ட இருந்து பார்த்திருக்கிறேன், அதுவும் இந்தக் கதையில் வரும்.

எங்கள் வீடு கொழும்பு வெள்ளவத்தையில். கீழ்வீடு அப்பா கட்டியது, கொங்கிறீற் தட்டு. அதற்கு மேலே 2019இல் இரண்டு அறையும் சின்னதாக ஒரு ஹோலும் எழுப்பினோம். இன்னொரு தட்டுப் போடக் காசு போதவில்லை. அமானோ சீற் என்கிற தகரம், அதற்குக் கீழே இரண்டடிக்கு இரண்டடி பலகைச் சீலிங், அவ்வளவுதான். அடுத்த ஏப்ரலில் பலன் தெரிந்தது. கொழும்பில் ஏப்ரல் முதல் வாரத்தில் சூரியன் நேரே உச்சந்தலைக்கு மேல் வரும். செப்டெம்பர் தொடக்கத்தில் திரும்பவும் ஒருமுறை வரும், ஆனால் அப்போது தென்மேல் காற்றும் முகிலும் காப்பாற்றிவிடும். ஏப்ரலில் அந்தக் காற்றும் இல்லை. ஒருநாள் பகல் இரண்டு மணிக்குத் துணி எடுக்க மேலே போன அம்மா அதே வேகத்தில் இறங்கி வந்து, "என்னடா தம்பி, இடியப்பம் அவிக்கிற சட்டிக்குள்ள தலையை விட்ட மாதிரி இருக்கு" என்றார்.

ஏசி இருக்கிறதே என்று இழுத்துக்கொண்டே போனேன். பிறகு 2022 வந்தது. மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் இல்லை. ஃபேனும் இல்லாமல் அந்த அறையில் படுத்துப் பார்த்தவர்களுக்கு நான் ஒன்றும் விளக்க வேண்டாம். அந்த ஓகஸ்டில் மின்கட்டணம் 75 வீதம் கூடியது, அடுத்த பெப்ரவரியில் இன்னும் 66 வீதம். பிறகு குறைந்தது, கூடியது, அது வேறு கதை. வீட்டுக் கட்டணம் படிப்படியாக ஏறுவது. மாதத்துக்கு 180 யூனிட்டைத் தாண்டினால் மேல்படி. எங்கள் வீட்டை ஒவ்வொரு மார்ச்சும் ஏப்ரலும் அந்தப் படிக்கு மேல் தள்ளியது மாடி ஏசிதான்.

பழைய சோனகத் தெரு ஹாட்வெயார் கடைகளில் இரண்டு சனிக்கிழமை அலைந்ததில் நாலு வழி கிடைத்தது. இரண்டை உடனே சொல்லி முடித்துவிடலாம். முதலாவது, சீற்றையே கழற்றிவிட்டு நடுவில் ஃபோம் வைத்த சான்ட்விச் பனல் போடுவது. புதிதாகக் கட்டுகிறவர்கள் அதைத்தான் முதலில் விசாரிக்க வேண்டும். இருக்கிற கூரையைப் பிரித்துப் போடுவதென்றால் செலவு இரட்டிப்பு. இரண்டாவது, கூரைக்கு மேல் வெள்ளை நிறத்தில் சூடு திருப்பும் பெயின்ட். பூசிய அன்று நிச்சயமாக வேலை செய்யும். ஆனால் இது கொழும்பு. இரண்டு மழைக்காலம் போனால் பாசியும் காகமும் சேர்ந்து வெள்ளையைச் சாம்பலாக்கிவிடும். வருடா வருடம் ஏறிக் கழுவ ஆள் இருந்தால் மலிவான வழி அதுதான். எங்கள் வீட்டில் ஆள் இல்லை.

மிஞ்சியது இரண்டு: ஃபொயில் ஒட்டிய ஐந்து மில்லிமீற்றர் ஃபோம் ரோல், அல்லது ஐம்பது மில்லிமீற்றர் கிளாஸ் வுல்.

லண்டனில் இருக்கிற அண்ணா கிளாஸ் வுல் கட்சி. அங்கே முகட்டுக்குள் 270 மில்லிமீற்றர் கனத்துக்குப் போடச் சொல்கிறார்கள், நீ ஐந்து மில்லிமீற்றர் என்று சொல்லிச் சிரிக்க வைக்காதே என்றான். முதலில் எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. ஆனால் அங்கே பிரச்சினை வீட்டுக்குள் இருக்கிற சூடு மேலே போவது. சூடான காற்று தானாகவே மேலே ஏறும், அதைப் பிடித்து நிறுத்தக் கனமாக ஏதாவது வேண்டும். இங்கே சூடு மேலிருந்து கீழே வருகிறது. சூடான காற்று கீழே இறங்காது, முகட்டோடு ஒட்டிக்கொண்டு நிற்கும். அப்படியென்றால் அறைக்குள் வருவது எப்படி? கொதிக்கிற தகரம் அடுப்புத் தணல் போலக் கீழ்நோக்கி அனலை வீசுகிறது. சீலிங் அதை வாங்கி எங்கள் தலைக்கு அனுப்புகிறது. அனலை நிறுத்தக் கனம் தேவையில்லை, பளபளப்புப் போதும். சாதாரணப் பரப்பு அந்தச் சூட்டில் வீசக்கூடிய அனலில் கிட்டத்தட்ட முழுவதையும் வீசும். துப்பரவான அலுமினியத் தாள் அதில் இருபதில் ஒரு பங்கைத்தான் வீசும்.

இங்கேதான் எனக்கும் கூரை வேலை செய்ய வந்த மேஸ்திரி பாஸுக்கும் வாக்குவாதம். ரோலின் ஒரு பக்கம்தான் மினுங்கும். அந்தப் பக்கம் மேலே பார்க்க, சீலிங்குக்கு மேல் பாய் விரிப்பதுபோல் விரித்துவிடலாம், அரை நாள் வேலை என்றார். மேலே பார்த்த பரப்பில் ஒரு வருடத்தில் தூசி படியும். தூசி படிந்தால் அது வெறும் பரப்புத்தான். கூரைச் சீற்றைத் தாங்கும் சிலாகைகளுக்குக் கீழே இழுத்துக் கட்டி, மினுங்குகிற பக்கம் கீழே பார்க்கும்படி வைத்தால் தூசி தங்காது. அனலைத் திருப்பி அனுப்பாவிட்டாலும் கீழே வீசாது, பலன் ஏறக்குறைய ஒன்றுதான். "வெயில் மேல இருந்துதானே தம்பி அடிக்குது, கண்ணாடியைக் கீழ பார்க்க வச்சா எப்படி?" என்று கடைசிவரை கேட்டுக்கொண்டேதான் கட்டினார். எந்தப் பக்கம் பார்த்தாலும் ஒன்று முக்கியம். மினுங்குகிற பக்கத்துக்கு எதிரே ஒரு அங்குலமாவது வெறும் காற்று இருக்க வேண்டும். எதையாவது தொட்டுக்கொண்டிருந்தால் அலுமினியம் நேரே சூடு கடத்தும்.

சரி, சூடு தடுப்பதில் இரண்டும் தேறும். ஐம்பது மில்லிமீற்றர் கிளாஸ் வுல் ஒரு பிடி கூடவே தேறும் என்றும் ஒத்துக்கொள்கிறேன். என்னைத் தீர்மானிக்க வைத்தது கூரை ஒழுகும் நாள்.

தகரக் கூரை ஒழுகாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். சீற்றை அடிக்கிற ஒவ்வொரு ஸ்குரூவுக்கும் ஒரு றப்பர் வொஷர் இருக்கும். வெயிலில் அது சில வருடத்தில் வெடிக்கும். எங்கள் சின்னக் கூரையிலேயே சில நூறு ஸ்குரூ. அப்படியென்றால் சில நூறு ஓட்டை வரிசையில் காத்திருக்கிறது. ஆகவே எதைப் போட்டால் குளிரும் என்பதோடு, ஒழுகும்போது எதைப் போட்டிருந்தால் பிழைக்கலாம் என்றும் கேட்க வேண்டும்.

வத்தளையில் அக்கா வீட்டில் பின் அறைகளுக்குக் கிளாஸ் வுல். போட்ட வருடம் அருமை. மழைச் சத்தம்கூட அடங்கிவிட்டது, தகரத்துக்குக் கீழே படுத்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரியும். இரண்டாவது மழைக்காலத்தில் எங்கேயோ ஒரு வொஷர் போயிருக்கிறது. வுல் தண்ணீரைக் குடித்துக்கொண்டே இருந்தது. சீலிங்கில் கறை வந்த இடத்துக்கும் ஓட்டைக்கும் எட்டடி தூரம். நனைந்த வுல் இரண்டு விதத்தில் கெடுதல். அது சூட்டைத் தடுப்பது தனக்குள் பிடித்து வைத்திருக்கும் காற்றால்தான். அந்த இடத்தில் தண்ணீர் வந்தால், தண்ணீர் காற்றைவிட இருபது மடங்குக்கு மேல் சூடு கடத்தும். மற்றது பாரம். ஒரு இரவு இரண்டு சீலிங் பலகை வுல்லோடு சேர்ந்து கட்டிலில் விழுந்தது. நல்ல காலம், பிள்ளைகள் முன் அறையில்.

அதோடு முடியவில்லை. ஒழுக்கைப் பார்க்க வந்த பாஸ் தலையை உள்ளே விட்டுவிட்டு இறங்கிவிட்டார். உடம்பெல்லாம் கடிக்கும், இதை எடுத்தால்தான் ஏறுவேன் என்றார். கொழும்பு ஈரப்பதத்தில் முகட்டுக்குள் அது தானாகக் காயவும் இல்லை. எடுத்துக் கட்டியபோது ஒரு மூலையில் மரநாய் குட்டி போட்டு வளர்த்த அடையாளம். சிங்களத்தில் உகுடுவா என்று சொல்வார்களே, அதேதான். அதற்கு இதைவிட மெத்தை எங்கே கிடைக்கும்? அத்தான் அதை உரப் பையில் கட்டிப் பின்வளவில் வைத்தார். இன்னும் அங்கேதான் இருக்கிறது.

எனக்கும் ஒழுகியது. ஃபொயில் கட்டிய வருடமே, ஒக்டோபர் மழையில். ஃபொயிலுக்கு மேல் விழுந்த தண்ணீர் சரிவோடு வழிந்து சுவரோரம் இறங்கியது. கட்டில் தப்பியது, சுவரில் ஒரு கோடு. வெயில் வந்ததும் பாஸ் ஒரு சீலிங் பலகையைத் தூக்கி, ஃபொயிலைக் கத்தியால் ஒரு சாண் கிழித்து மேலே பார்த்தார். தகரத்தில் ஊசிமுனை வெளிச்சம் தெரிந்தது. வொஷரை மாற்றி, கிழித்த இடத்தை அலுமினியம் டேப்பால் ஒட்டி, ஒன்றரை மணித்தியாலத்தில் தேநீர் குடித்துவிட்டுப் போனார். ஆனால் ஒன்றை மறைக்கக்கூடாது. ஃபொயில் ஒழுக்கை ஒளித்தும் வைக்கும். சுவரில் கோடு வருவதற்கு முன்பு எத்தனை கிழமை வழிந்ததோ, அந்த இடத்து இரும்புச் சட்டத்தில் துரு பிடித்திருந்தது. இப்போது மழைக்காலம் தொடங்குமுன் ஒருமுறை பலகையைத் தூக்கிப் பார்க்கிறேன்.

காசு. தரை 600 சதுர அடி, கூரைச் சரிவும் ஒன்றன்மேல் ஒன்று படிவதும் சேர்ந்து 700 வாங்க வேண்டியிருந்தது. தரை அளவுக்கு விலை சொல்லிவிட்டு வேலை தொடங்கிய பிறகு போதவில்லை என்பது வழக்கமான விளையாட்டு, ஆகவே கூரையைத்தான் அளக்கச் சொல்லுங்கள். வரியைச் சேர்த்துத்தான் விலையா என்றும் கேளுங்கள். 2023 டிசம்பரில் வாங்கிய விலைப்பட்டியலில் வற் 15 வீதம், ஜனவரியில் அது 18 ஆனது, நான் பில் போட்டது பெப்ரவரியில். எனக்கு வரியோடு ரோல் 30,800 ரூபா, டேப், கம்பி, ஸ்குரூ 6,200, பாஸும் கையாளும் மூன்று நாள் 25,500, ஏற்றுக்கூலி 1,500. மொத்தம் 64,000. கிளாஸ் வுல்லுக்குச் சாமான் மட்டுமே 80,000க்கு மேல் சொன்னார்கள். இந்த எண்களை அப்படியே நம்பிக் கடைக்குப் போகவேண்டாம், விகிதத்தை மட்டும் பாருங்கள்.

ரோல் வாங்கும்போது மினுக்கத்தில் மயங்கக்கூடாது. சிலதில் இருப்பது உண்மையான அலுமினியத் தாள், சிலதில் பிளாஸ்ரிக்கில் பூசிய மெல்லிய மினுக்கம். மடித்துப் பாருங்கள். தாள் என்றால் மடிப்பு அப்படியே நிற்கும், பிளாஸ்ரிக் திரும்ப நிமிரும். கடலோரத்தில் அந்த மெல்லிய பூச்சு கறுத்துப்போனால் ஃபோம் மட்டும்தான் மிச்சம்.

இரண்டு ஆபத்து. ஃபொயில் மின்சாரம் கடத்தும். 2009–2010இல் ஆஸ்திரேலியாவில் அரசாங்கம் காசு கொடுத்து வீடு வீடாக இன்சுலேஷன் போட்டபோது நாலு இளம் தொழிலாளர்கள் இறந்தார்கள். ஃபொயிலை உலோக ஸ்டேப்பிளால் அடிக்கும்போது மின்கம்பியில் பட்டதும் அதில் ஒரு காரணம். வேலை நடக்கும் நேரம் முழுக்க மெயின் சுவிட்ச் கீழே இருக்கட்டும், துளைக்கிற மெஷினுக்கு பக்கத்து வீட்டில் கரண்ட் கேளுங்கள். மற்றது நெருப்பு. கிளாஸ் வுல் எரியாது, இந்த ஃபோம் உருகி எரியும். சீலிங்குக்குள் புதைத்த லைட் இருந்தால் அந்த இடத்தை விட்டு வெட்டச் சொல்லுங்கள். இந்த விஷயத்தில் கிளாஸ் வுல் என்னைத் தோற்கடிக்கிறது.

பலன்? பகல் இரண்டு மணிக்கு முன்பு 36 பாகை காட்டிய அறை இப்போது 33 அளவில் நிற்கிறது. அளந்த நாட்கள் ஒரே மாதிரி வெயில் இல்லை, தேர்மோமீற்றரும் மலிவானது. ஆகவே இரண்டு மூன்று பாகை என்று வைத்துக்கொள்ளுங்கள். எண்ணைவிடத் தெளிவான வித்தியாசம், சீலிங்கில் கை வைத்தால் இப்போது சூடு அடிப்பதில்லை. ஏசியைப் பின்னேரம் போடாமல் இரவு ஒன்பதுக்குப் போடுகிறோம், சில மாதம் 180க்குள் நிற்கிறது. ஆனால் மேற்குப் பக்கத்துச் செங்கல் சுவர் இரவு பத்து மணிவரை சூட்டை விட்டுக்கொண்டேதான் இருக்கிறது. அதற்கு ஃபொயில் ஒன்றும் செய்யாது. மழைச் சத்தமும் பெரிதாகக் குறையவில்லை. இரவெல்லாம் ஏசி போட்டுக் கதவடைத்துப் படுப்பவர்கள், கூரை புதிது, ஒழுக்குப் பார்க்க நம்பகமான ஆள் உண்டு என்றால், கிளாஸ் வுல்லை நான் குறை சொல்லமாட்டேன்.

அக்கா வீட்டு முன் அறைதான் பாக்கி. அது பழைய அஸ்பெஸ்டஸ் சீற். 2018 ஜனவரியில் அதன் இறக்குமதியைத் தடை செய்யப் போவதாகச் சொல்லியிருந்தார்கள். 2017 டிசம்பரில் எங்கள் தேயிலைப் பொதியில் ஒரு வண்டு இருந்ததென்று ரஷ்யா தேயிலையை நிறுத்தியது, அஸ்பெஸ்டஸ் பெரும்பாலும் வருவது அங்கிருந்துதான், தடை காணாமல் போனது. அந்தச் சீற்றைத் துளைத்தால், உரசினால் வருகிற தூள் நுரையீரலுக்குள் போகும். மரச் சட்டத்தில் மட்டும் கம்பி கட்டி, சீற்றைத் தொடாமல் ஃபொயிலை இழுக்கலாம் என்கிறார் பாஸ். செய்யலாம் போலத்தான் இருக்கிறது. அக்கா ஓம் என்கிறா, அத்தான் கூரையையே மாற்றுவோம் என்கிறார். அதற்கென்று வாங்கி வைத்த ரோல் எங்கள் மாடிப்படிக்குக் கீழே கிடக்கிறது.